இருபத்தோரு அங்குலம் காணவில்லை

டைப்பிஸ்டம்மாவுக்குக் காலையிலிருந்தே வலது மணிக்கட்டு விண்விண்ணென்று தெறித்தது. பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரே இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்து தட்டித் தட்டிச் சேர்த்த வலி. ஊரில் பாதி வீடு அந்த மணிக்கட்டு வழியாகத்தான் கை மாறியிருக்கிறது. அவளுக்கென்று ஒரு செங்கல் கிடையாது. இன்றுவரை வாடகை வீடுதான்.

இப்போது அவளுக்குக் கொத்தனாரிடம் வேலை. ஒரே அறை, இரண்டு நாற்காலி, ஒரு டைப்ரைட்டர். வீடு வாங்கப் போகிறவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் வர வேண்டிய இடம் அது. ஆனால் எல்லோரும் கொடுத்த பிறகுதான், முகம் செத்து வருவார்கள். காகிதத்தை அவள் பார்ப்பாள், சுவரை அவர் பார்ப்பார். கொத்தனார் கரண்டியை விட்டு ஒன்பது வருஷமாகிறது. மூன்றாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்ததில் இடது தோள் இறங்கிப்போனது. விழுந்தவர் தரைக்கு வரவில்லை, பாதியிலேயே நின்றார். எப்படி நின்றீர்கள் என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

அன்று வந்தவள் ஒரு நர்ஸ். வார்டு உடுப்பைக்கூட மாற்றவில்லை. மேஜைமேல் ஒரு பழுப்பு உறையையும் ஒரு நூல்கயிற்றுச் சுருளையும் வைத்தாள்.

"மூணு மணிக்கு ரிஜிஸ்டர், அக்கா. நான் போகலேன்னா முன்பணம் போயிடும்னு எழுதியிருக்கு."

டைப்பிஸ்டம்மா உறையைப் பிரித்தாள். "பதினொண்ணாம் பத்தி. இந்தப் பத்தியை நானே ஐந்நூறு தடவை அடிச்சிருக்கேன். வாங்கறவங்க யாரும் பத்தாம் பத்திக்கு மேல படிச்சதில்ல. எவ்வளவு கொடுத்தே?"

"பதினாலு வருஷச் சேமிப்பு. அப்பாவுக்கு ஒரு பக்கம் இழுத்துடுச்சு, மாடி ஏற முடியாது. இந்த மாசக் கடைசிக்குள்ள இப்ப இருக்கற வீட்டைக் காலி பண்ணணும்."

"விக்கறது?"

"டயர்க்கடைக்காரர். அவருக்குப் பாதி, அவரோட அண்ணனுக்குப் பாதி. அண்ணன் கப்பல்ல சமையல்காரர். தம்பிக்குப் பவர் எழுதிக் கொடுத்திருக்கார்."

"அந்த அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை பேசினியா?"

"நடுக்கடல்ல இருக்காராம். சிக்னல் கிடைக்காதாம்."

"கல்யாணத்துக்கு மாப்பிள்ளையோட போட்டோவை மட்டும் பார்த்துட்டுத் தலையாட்டின கதையா இருக்கு." டைப்பிஸ்டம்மா காகிதங்களைத் தட்டி அடுக்கினாள். "வில்லங்கம் சுத்தம். மூலப்பத்திரம் இருக்கு. பவரும் பதிவானதுதான். காகிதத்துல குத்தம் சொல்ல எனக்கு ஒண்ணும் இல்ல, கொத்தனாரே. எனக்கே வெக்கமா இருக்கு."

கொத்தனாரின் கண் கயிற்றுச் சுருள்மேல் இருந்தது. "இது எங்க கிடைச்சுது?"

அதற்குத்தான் நர்ஸ் வந்திருந்தாள். இந்த வீட்டை முடித்துக் கொடுத்த புரோக்கரை நேற்று மத்தியானம் அவன் ஆபீசிலேயே யாரோ அடித்துப் போட்டுவிட்டார்கள். தாடை இரண்டாக உடைந்திருந்தது. வலது கையில் நாலு எலும்பு போயிருந்தது. கொண்டுவந்து போட்டது அவள் வார்டில். தாடைக்குக் கம்பி கட்டியாயிற்று, பேச முடியாது. கை போனதால் எழுதவும் முடியாது. விடியற்காலையில் அவளைப் பார்த்ததும், இடது கையால் சட்டைப் பையிலிருந்து இந்தக் கயிற்றை இழுத்து அவள் உள்ளங்கையில் திணித்திருக்கிறான்.

"டயர்க்கடைக்காரரா அடிச்சார்னு கேட்டேன், அண்ணே. இல்லேன்னு தலையாட்டினார். அப்பதான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்துது."

கொத்தனார் கயிற்றைத் தரையில் நீட்டினார். மூன்று இடத்தில் முடிச்சு இருந்தது. நுனியில் ஒன்று. டேப்பை வைத்தார். அங்கிருந்து இரண்டாவது முடிச்சுக்குப் பதினோரு அடி இரண்டு அங்குலம். மூன்றாவது முடிச்சுக்குப் பதினாலடி ஐந்து அங்குலம்.

"ரெண்டு பர்சன்ட் கமிஷன் ஆசாமி," என்றாள் டைப்பிஸ்டம்மா. "காசில்லாம மூச்சுவிட மாட்டான். சும்மாவா முடிச்சுப் போடுவான்?"

"டேப் எடுத்துட்டுப் போனா விக்கறவன் ஏன்னு கேப்பான். கயித்தை யார் கேப்பா? ஒரு முடிச்சு ரூமோட உள் அளவு. ஒரு முடிச்சு அதே ரூமுக்கு வெளிப்பக்க அளவு. பத்திரத்துல பின் ரூம் என்ன போட்டிருக்கு?"

"உள் அளவு பன்னிரண்டு அடி பதினோரு அங்குலம்."

"வெளிய பதினாலடி அஞ்சு. ரெண்டு பக்கச் சுவரும் ஒம்போது ஒம்போது, பதினெட்டு அங்குலம் கழிச்சா பத்திரத்துல இருக்கற கணக்கு சரியா வருது. ஆனா உள்ள பதினோரடி ரெண்டுதான் இருக்கு." அவர் டேப்பைச் சுருட்டினார். "இருபத்தோரு அங்குலம் காணோம்."

நர்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அலமாரியா இருக்குமோ?"

"அலமாரின்னா விக்கறவன் முதல்ல அதைத்தான் திறந்து காட்டுவான்," என்றாள் டைப்பிஸ்டம்மா. "புரோக்கர் கொடுத்த சாவி இருக்கா? கொடு. நீ போய் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல உக்காரு. நாங்க வர்ற வரைக்கும் கையெழுத்துப் போடாதே. வயித்துவலின்னு சொல்லு, பேனா எழுதலேன்னு சொல்லு. நர்சுக்கு வியாதி சொல்லத் தெரியாதா?"

*

வீடு பார்க்க வருகிறவர்கள் பெயின்ட்டைப் பார்ப்பார்கள். கொத்தனார் பெயின்ட்டைக் கண்ணால்கூடத் தொடமாட்டார். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறப்பார். கூரை மூலையில் ஈரம் பார்ப்பார். கதவெல்லாம் ஒருமுறை சாத்திப் பார்ப்பார், தரை இறங்கிய வீட்டில் கதவு இடிக்கும். இன்று அதையெல்லாம் விட்டுவிட்டு நேரே பின் அறைக்குப் போனார். அவர் விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போக, அவள் சன்னலைத் திறந்தாள். பெயின்ட் நாற்றமும் பினாயில் நாற்றமும் மூக்கை அறுத்தன.

மூன்று சுவர் பதில் சொல்லவில்லை. நாலாவது சுவர் பானையைத் தட்டினாற்போல் பேசியது.

அதன்மேல் பெயின்ட்டையும் மீறி ஆமை ஓட்டைப்போல் கீறல் ஓடியிருந்தது.

"புதுச் சுவர். ஒரு மாசம்கூட ஆகல," என்றார். "பூசினா ஏழு நாள் தண்ணி காட்டணும். இதுக்கு ஒரு சொம்புகூட ஊத்தல. அதான் வெடிச்சிருக்கு."

"கட்டினவனுக்குத் தெரியாதா?"

"கட்டினவன் நல்ல வேலைக்காரன். ரசமட்டம் வெச்சாப்பல நிக்குது பாருங்க. முழுக் கூலி கொடுத்திருந்தா மறுநாளும் வந்து தண்ணி ஊத்தியிருப்பான். வீட்டுக்காரன் பாக்கி வெச்சிருக்கான், கட்டினவன் வரல. தண்ணி ஊத்தணும்னு டயர் விக்கறவனுக்கு யார் சொல்லுவா?"

பேசிக்கொண்டே வந்தவர் சுவரின் கீழ் மூலையில் குந்தினார். பூச்சு தரையைத் தொடுகிற இடம் அது. கரண்டி நுழையாது, கையால்தான் தடவி முடிப்பார்கள். அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அவர் எழுந்திருக்கவே இல்லை.

"என்ன, கொத்தனாரே? சாமி கும்பிடறீங்களா?"

அவர் பையிலிருந்து உளியையும் சுத்தியலையும் எடுத்தார். முதல் அடி அந்தக் கீழ் மூலையில் விழுந்தது. இரண்டாவதும் அங்கேயே. பூச்சு பொடிப்பொடியாகக் கொட்டியது.

"எப்பவும் மேலேருந்துதானே உடைப்பீங்க?"

"இன்னிக்குக் கீழேருந்து."

அதற்குமேல் அவர் எழுந்து நெஞ்சு உயரத்தில் ஒரு கல்லைச் சுற்றி உளியை விட்டார். நாலு அடியில் கல் ஆடியது. அவர் அதைப் பிடுங்கியதும் உள்ளேயிருந்து வந்த நாற்றத்தில் டைப்பிஸ்டம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். கொத்தனார் இன்னும் இரண்டு கல்லைப் பிடுங்கினார். கோணிச்சாக்கு தெரிந்தது. சாக்கின் கிழிசலில் ஒரு வெள்ளைச் சட்டைக் கை. கைமடிப்பில் பித்தளைப் பொத்தான், அதில் ஒரு நங்கூரம்.

நின்ற நிலையிலேயே வைத்துப் பூசியிருந்தார்கள்.

"சமையல்காரர் கப்பலுக்குப் போகவே இல்ல," என்றாள். குரல் அவளுடையது மாதிரி இல்லை. "பவர் கொடுத்தவன் செத்தா அந்த நிமிஷமே பவரும் செத்துடும், கொத்தனாரே. அப்புறம் அவர் பாதி அவரோட பொண்டாட்டி பிள்ளைக்குப் போயிடும். சாவு வெளிய தெரிஞ்சா தம்பி விக்க முடியாது. அதான் மூணு மணி வரைக்கும் ஆள் கப்பல்ல இருக்கணும்."

"அந்தப் பொண்ணு கையெழுத்துப் போட்டிருந்தா?"

"பொணத்துக்கிட்ட பாதி வீடு வாங்கியிருப்பா. செல்லாது. கோர்ட்டுல ஏறி இறங்கியே அவ தலை நரைச்சிருக்கும்."

போலீசுக்குச் சொல்ல அவள் போனை எடுத்தாள். அதே நேரம் அது அடித்தது. நர்ஸ்.

"அக்கா, டயர்க்கடைக்காரர் போன் பண்ணினார். எங்க இருக்கேன்னு கேட்டார். வீட்டைக் கடைசியா ஒரு தடவை பார்க்க ஆள் அனுப்பியிருக்கேன்னு சொன்னேன். சரிதானே?"

"எப்ப சொன்னே?"

"ஒரு இருபது நிமிஷம் இருக்கும்."

"அம்மாடி, உடனே போலீசைக் கூப்பிட்டு இந்த விலாசத்தைச் சொல்லு. பொணம்னு சொல்லு, அப்பதான் சீக்கிரம் வருவாங்க."

அவள் போனை வைப்பதற்குள் முன்கதவு சாத்தப்படுகிற சத்தம் கேட்டது. கதவு இடிக்காமல் சாத்தியது. நல்ல வீடு.

டயர்க்கடைக்காரன் பின் அறை வாசலில் நின்றான். ரிஜிஸ்டர் ஆபீசுக்கென்று போட்ட சலவைச் சட்டை. கையில் ஒரு முழ நீளத்துக்கு டயர் நெம்புகிற கடப்பாறை. அவன் சுவரின் ஓட்டையைப் பார்த்தான். நேரே வந்து ஓங்கி இறக்கினான்.

கொத்தனார் தலையைக் காப்பாற்றிக்கொண்டார். இரும்பு இடது தோளில் இறங்கியது. பச்சை மரம் முறிகிற மாதிரி ஒரு சத்தம். அவர் சுவரில் சாய்ந்து உட்கார, அவன் மறுபடி ஓங்கினான். இந்த முறை அவர் உருண்டார். இரும்பு தரையில் பட்டு ஒரு ஓடு தெறித்தது. கொத்தனார் கிடந்தபடியே கைக்கு அகப்பட்ட பூச்சுத்தூளை அள்ளி அவன் கண்ணில் வீசினார். அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டே குருட்டாம்போக்கில் சுழற்றியது டைப்பிஸ்டம்மாவின் காதோரம் காற்றை அறுத்துக்கொண்டு போனது.

அவள் தோள்பையில் பத்திரத்தைத் துளைக்கிற பழைய பஞ்சிங் மெஷின் இருந்தது. வார்ப்பிரும்பு, இரண்டு கிலோ. எங்கே போனாலும் ஏன் இதைச் சுமக்கிறீர்கள் என்று கொத்தனார் பலமுறை கேட்டிருக்கிறார். அவள் வாரை இரண்டு கையாலும் பிடித்துச் சுழற்றிப் பையோடு அவன் காதில் அடித்தாள். அவன் முழங்காலில் விழுந்தான். இன்னொன்று கொடுத்தாள். மூக்கு நசுங்கிச் சலவைச் சட்டை சிவந்தது. அப்போதும் அவன் கை கடப்பாறையை விடவில்லை. கொத்தனார் தவழ்ந்து வந்து அந்தக் கைமேல் சுத்தியலை இறக்கினார். பிறகுதான் விட்டான், அலறிக்கொண்டே.

"முப்பது தாளை ஒரே அழுத்துல துளைக்கும்," என்றாள் அவள், மூச்சு வாங்க. "உன் மண்டை அதைவிடத் தடிமன்."

"ஏண்டா கொன்னே?" என்றார் கொத்தனார்.

"பவரை ரத்து பண்ணப்போறேன்னான். விக்க விடமாட்டேன்னான்." அவன் ரத்தத்தைத் துப்பினான். "ஒரே அடிதான். சாவான்னு நினைக்கல."

"புரோக்கரை?"

"அவனை நான் தொடவே இல்ல." உடைந்த கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவன் வாசல் பக்கம் பார்த்தான். "அவனைக் கேளு."

வாசலில் இன்னொருவன் நின்றிருந்தான். ஒல்லி ஆசாமி. முட்டி வரை சிமென்ட் படிந்த கால்சட்டை. செங்கல் வெட்டுகிற சுத்தியலை வலது கையில் வைத்திருந்தான். அந்தக் கையில் கட்டை விரலோடு சேர்த்து மூன்றே விரல்.

"அண்ணே," என்றான் அவன்.

"வா, மூணுவிரல்," என்றார் கொத்தனார். அவர் குரலில் ஆச்சரியமே இல்லை.

டைப்பிஸ்டம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தக் கீழ் மூலை. ஈரப் பூச்சில் கையால் தடவி முடித்த இடம். இவர் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு குந்தியிருந்தது மூன்று விரல் தடத்தை. முதல் அடியிலேயே அழித்துவிட்டார்.

"அந்தப் புரோக்கர் என் வீட்டுக்கே வந்தான், அண்ணே. பின் ரூம் சுவர் உன் வேலைதானே, உள்ள என்ன இருக்குன்னான். இல்லேன்னேன். நம்பல. போலீசுக்குப் போறேன்னு ஆபீசுக்குத் திரும்பினான். நான் பின்னாலயே போனேன்." அவன் ஒரு அடி உள்ளே வைத்தான். "இப்ப இவன் கூப்பிட்டான்னு வந்தா, நீங்க வந்திருக்கீங்க."

அவன் ஓங்கினான். டைப்பிஸ்டம்மாவுக்குக் கத்தக்கூட நேரமில்லை. சுத்தியல் கொத்தனாரின் தலைக்கு ஒரு சாண் தள்ளிச் சுவரில் இறங்கி, ஒரு செங்கல்லை உள்ளே அனுப்பியது. உள்ளே மெத்தென்று எதன்மேலோ விழுந்தது. கொத்தனார் தலையை நகர்த்தவே இல்லை.

"அடி," என்றார். "உனக்கு அந்தப் பாத்தியதை இருக்கு. ஆனா ஒண்ணு சொல்லிட்டு அடி. உள்ள ஆள் இருக்குன்னு தெரிஞ்சுதான் கட்டினியா?"

மூணுவிரல் சுத்தியலை இறக்கினான். "சாமான் மூட்டைன்னான். நாலு வரிசை எழுப்பினப்புறம் சாக்கு விலகிச்சு. கால் தெரிஞ்சுது."

"அப்புறமும் அஞ்சாவது வரிசை வெச்சியே."

கீழே கிடந்தவன் முனகினான்.

"மூணு விரலுக்கு யாரு வேலை கொடுக்கறா?" என்றான் மூணுவிரல். "ரெண்டு வருஷமா கரண்டி பிடிக்கல. இவன் பாதிக் கூலி கொடுத்தான். மீதி, வீடு வித்தப்புறம்னான். அண்ணே, மூலையைத் தட்டிட்டீங்க. பார்த்தேன். அது போதும். நான் இப்படியே போயிடறேன். நீங்க எனக்குக் கடன்பட்டிருக்கீங்க."

"பட்டிருக்கேன்." கொத்தனார் நல்ல கையை ஊன்றி எழுந்து நின்றார். "அதுக்காகத்தான் தட்டினேன். தட்டினப்ப புரோக்கரோட தாடை உன் கணக்குன்னு எனக்குத் தெரியாது. அஞ்சாவது வரிசையும் தெரியாது. என் கடனை நான்தான் தீர்க்கணும். அடுத்தவன் தாடையை எடுத்துத் தீர்க்க முடியாது. சுத்தியைக் கீழ வை, தம்பி."

மூணுவிரல் சுத்தியலைப் பார்த்தான். வாசலைப் பார்த்தான். வாசல் காலியாகத்தான் இருந்தது. பிறகு தான் கட்டிய சுவரிலேயே சாய்ந்து உட்கார்ந்து, முகத்தை அந்தக் கையால் மூடிக்கொண்டான்.

*

போலீஸ் ஜீப் வந்தபோது மணி இரண்டரை. வாக்குமூலத்தை அங்கேயே எழுதித் தரச் சொன்னார் இன்ஸ்பெக்டர். எழுத்து கிறுக்கலாக இல்லாமல் இருக்க வேண்டுமாம். டைப்பிஸ்டம்மா மணிக்கட்டில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். நடுவில் நர்ஸிடமிருந்து போன்.

"கையெழுத்துப் போடலியே? நல்லது. நாளைக்கே ஒரு நோட்டீஸ் அடிச்சுத் தர்றேன். அவனோட பாதி அவன் பேர்லதான் இருக்கு, அதைப் பிடிச்சு வெக்கச் சொல்லிக் கோர்ட்டுல கேப்போம். உன் முன்பணத்தை அதுலேருந்து வாங்கலாம். நாளாகும், ஆனா வரும். வாடகை வீடு நானே பார்த்துத் தர்றேன், தரைத்தளமா. அழாதே. அழுதா அப்பா பயந்துடுவார்."

கொத்தனாரின் இடது கையைத் துண்டால் கழுத்தோடு கட்டியிருந்தார்கள். ஆம்புலன்சுக்குக் காத்திருந்தார். வெளியே, விலங்கோடு மூணுவிரலை ஜீப்பில் ஏற்றினார்கள். மூன்று விரல் கையில் விலங்கு நழுவியது, இரண்டு தடவை இறுக்க வேண்டியிருந்தது.

"எழுதிட்டீங்களா?" என்றார்.

"எழுதிட்டேன். படிக்கட்டுமா?"

"கீழ் மூலையை நான் உடைச்சதையும் எழுதுங்க. அங்க என்ன தடம் இருந்துதுன்னும் எழுதுங்க."

"உங்க மேலயே கேஸ் வரும், கொத்தனாரே."

"வரட்டும்."

அவள் எழுதினாள். எழுதி முடித்து, தலையைத் தூக்காமல் கேட்டாள். "சாரத்துலேருந்து விழுந்தப்போ எப்படிப் பாதியில நின்னீங்க?"

இந்த முறை அவர் பேச்சை மாற்றவில்லை.

"கல் தூக்கற கயிறு என் காலைச் சுத்திக்கிச்சு. மறுமுனை அவன் கையில. விட்டிருந்தா அவனுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. விடல. கயித்தோட சேர்ந்து கை கப்பிக்குள்ள போச்சு." அவர் ஜீப் போன திசையைப் பார்த்தார். "அவனுக்கு ரெண்டு விரல் கடன்பட்டிருக்கேன், டைப்பிஸ்டம்மா. மோதிர விரலும் சுண்டு விரலும். ஒம்போது வருஷமாச்சு. இன்னும் தீர்க்கல."